தீம் சொல்வதா, பக்கம் சொல்வதா?

(இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஸ்டைல் ஷீட் (அதாவது சி.எஸ்.எஸ்.), தீம் என்றே இருந்ததால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். லேப்டாப் வாங்குவது பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 2009-இல், மைக்ரோசாஃப்டின் வலைப்பக்கக் கருவியான ஏ.எஸ்.பி. டாட் நெட் வெப் ஃபார்ம்ஸில் எழுதிய மென்பொருள் ஒன்று இன்னும் ஓடுகிறது. ஒரே ஒரு பக்கத்தில் 'சேமி' பட்டனை மட்டும் பச்சையாக்கச் சொன்னார்கள். பக்கத்திலேயே பட்டனுக்குப் பின்னணி நிறம் பச்சை என்று கொடுத்தேன். அப்புறம் தனியாக ஒரு சி.எஸ்.எஸ். கோப்பு எழுதியும் சேர்த்தேன். எதுவும் எடுபடவில்லை, பட்டன் நீலமாகவே நிற்கிறது. இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: தலையை விட்டுவிட்டு, மென்பொருளின் அமைப்புகள் இருக்கும் வெப் கான்ஃபிக் கோப்பைத் திறந்து பாருங்கள். 'பேஜஸ்' என்று தொடங்கும் வரியில் 'தீம்' என்று போட்டு ஒரு பெயர் கொடுத்திருப்பார்கள். ஆப் தீம்ஸ் ஃபோல்டருக்குள் அதே பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒரு ஸ்கின் கோப்பு, கூடவே நாலைந்து சி.எஸ்.எஸ். கோப்புகள் இருக்கும். உங்கள் நீலம் அந்த ஸ்கின் கோப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று பந்தயமே கட்டலாம்.

ஸ்கினும் சி.எஸ்.எஸ்.ஸும் ஒன்றில்லை. 2005 நவம்பரில் ஏ.எஸ்.பி. டாட் நெட் 2.0 வந்தபோது இந்தத் தீம் வசதியும் கூடவே வந்தது, அன்றிலிருந்து இன்றுவரை இந்தக் குழப்பமும் இருக்கிறது. சி.எஸ்.எஸ். பிரவுசரில் வேலை செய்வது. ஸ்கின் தன் வேலையைச் சர்வரிலேயே முடித்துவிடும்: 'பட்டன் என்றால் பின்னணி நீலம்' என்று அதில் ஒரு வரி இருந்தால், பக்கம் தயாராகும்போதே ஒவ்வொரு பட்டன் கன்ட்ரோலிலும் (பட்டன், பெட்டி போன்ற பக்க உறுப்புகளைக் கன்ட்ரோல் என்பார்கள்) அந்த நீலத்தை ஏற்றிவிடும். ஏற்றிய நீலம் எந்த வடிவத்தில் வெளியே வருகிறது என்று பார்க்க, பிரவுசரில் பக்கத்தைத் திறந்து வியூ சோர்ஸ் போய் அந்தப் பட்டனைத் தேடுங்கள். டேகுக்குள்ளேயே 'ஸ்டைல்' என்று போட்டு நீல நிறம் எழுதியிருக்கும். டேகுக்குள் எழுதிய ஸ்டைலை வெளியிலிருந்து வருகிற சி.எஸ்.எஸ். கோப்பு சாதாரணமாக ஜெயிக்க முடியாது, 'இம்பார்ட்டன்ட்' போட்டு அடித்தால்தான் உண்டு. உங்கள் இரண்டாவது முயற்சி தோற்றது இதனால்தான்.

முதல் முயற்சி தோற்ற கதை வேறு. ஏ.எஸ்.பி. டாட் நெட்டில் தீமை இரண்டு விதமாக மாட்டலாம். ஒன்று 'தீம்', இன்னொன்று 'ஸ்டைல்ஷீட் தீம்'. ஃபோல்டர் ஒன்றுதான், கோப்புகளும் அவையேதான், எப்போது வந்து பேசுகிறது என்பதில்தான் வித்தியாசம். ஸ்டைல்ஷீட் தீம் முதலில் பேசும், அடுத்து பக்கத்தில் நீங்கள் எழுதியது பேசும், கடைசியாகத் தீம் பேசும். பஞ்சாயத்து மாதிரிதான், கடைசியில் பேசியவர் சொல் நிற்கும். நீங்கள் பக்கத்தில் போட்ட பச்சையின் மேல் தீம் வந்து நீலத்தைப் பூசிவிட்டுப் போய்விட்டது.

சி.எஸ்.எஸ். கோப்புகளுக்கும் இதே கதைதான். ஸ்டைல்ஷீட் தீமாக மாட்டினால் அந்த ஃபோல்டரின் சி.எஸ்.எஸ். இணைப்புகள், பக்கத்தின் தலைப் பகுதியான ஹெட்டின் ஆரம்பத்தில் போய் உட்காரும், அதனால் நீங்கள் கைப்பட எழுதிய இணைப்பு அதற்குப் பின்னால் வந்து ஜெயிக்கும். தீமாக மாட்டினால் அவை ஹெட்டின் கடைசியில் வரும், உங்களுடையது முன்னாலேயே பேசி முடித்திருக்கும்.

இப்போதைக்கு அவசர வைத்தியம்: அந்த ஒரு பட்டனில் மட்டும் 'எனேபிள் தீமிங்' என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள், பச்சை வந்துவிடும். இல்லையென்றால் ஸ்கின் கோப்பிலேயே பச்சைப் பட்டனுக்கு என்று ஸ்கின் ஐ.டி.யோடு ஒரு வரி எழுதி, பக்கத்தில் அந்த ஐ.டி.யைக் கொடுங்கள். இதேபோல் இன்னும் பத்துப் பட்டன் வரும் என்றால் இரண்டாவது வழிதான் நல்லது.

'வெப் கான்ஃபிக்கில் தீமை ஸ்டைல்ஷீட் தீம் என்று மாற்றிவிட்டால் ஒரேயடியாகத் தீர்ந்துவிடுமே' என்று உங்களுக்குத் தோன்றலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் அதைச் செய்துவிடாதீர்கள். இத்தனை வருடமாக யார் யாரோ பக்கங்களில் போட்டுவைத்த சிவப்பும் மஞ்சளும் தீமுக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. மாற்றிய நிமிடமே எல்லாம் எழுந்து வந்துவிடும். நான் ஒருமுறை இதைச் செய்து பார்த்தேன், மறுநாள் கணக்குப் பிரிவில் ஒருவர் 'ஹோலியா சார்?' என்றார்.

நிதானமாகச் செய்ய நேரம் கிடைத்தால், ஸ்கின் கோப்பில் நிறங்களே வைக்காதீர்கள். ஸ்கினில் சி.எஸ்.எஸ். கிளாஸ் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு, நிறத்தைச் சி.எஸ்.எஸ். கோப்பில் வையுங்கள். டேகுக்குள் ஸ்டைல் வராது, பிரவுசரில் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பதும் சுலபம். ஒரு எச்சரிக்கை மட்டும்: தீம் கொடுக்கும் கிளாஸ் பெயர், பக்கத்தில் நீங்கள் கொடுத்த கிளாஸ் பெயரோடு சேர்ந்துகொள்ளாது, அதை அழித்துவிட்டுத்தான் உட்காரும்.

கேள்வி: எங்கள் தீம் ஃபோல்டரில் சி.எஸ்.எஸ். கோப்புகளின் பெயர்கள் 01, 02, 03 என்று எண்ணில் தொடங்குகின்றன. அசிங்கமாக இருக்கிறது என்று எண்களை எடுத்தேன், பக்கமே கலைந்துவிட்டது. ஏன்? (நாமக்கல் வாசகி)

பதில்: அந்த ஃபோல்டரில் இருக்கும் சி.எஸ்.எஸ். எல்லாவற்றையும் ஏ.எஸ்.பி. டாட் நெட் தானாகவே பக்கத்தில் இணைத்துவிடும், எந்த வரிசையில் என்றால் பெயரின் அகரவரிசையில். உங்களுக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர் அது தெரிந்துதான் எண் போட்டிருக்கிறார். திரும்பப் போட்டுவிடுங்கள்.

'எல்லாவற்றையும்' என்றால் நிஜமாகவே எல்லாவற்றையும்தான். 'எதற்கும் இருக்கட்டும்' என்று நீங்கள் எடுத்துவைத்த பழைய பிரதியும் சேர்ந்துதான் போகும். தீம் ஃபோல்டர் பரண் இல்லை, பிரதிகளை வேறு எங்காவது வையுங்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9 வரைக்கும் ஒரு பக்கத்தில் 31 ஸ்டைல் ஷீட்டுக்கு மேல் இருந்தால் மிச்சத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், பிழைச் செய்தியும் வராது. கோப்பைத் துண்டு துண்டாக்கி ஃபோல்டரை நிரப்பியவர்கள் அந்தக் காலத்தில் அதில் நிறையவே அடிபட்டார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹெட் டேகில் 'ரன்அட் சர்வர்' (சர்வரில் இயங்கு என்ற குறிப்பு) இல்லையென்றால் இந்தத் தானியங்கி இணைப்பு நடக்காது, பக்கம் பிழை காட்டி நின்றுவிடும்.

கேள்வி: சார், பயனாளரே தீமைத் தேர்ந்தெடுக்கும்படி ஒரு டிராப்டவுன் வைத்திருக்கிறேன். பேஜ் லோடில் தீமை மாற்றினால் பிழை வருகிறது. ப்ரீஇனிட்டில் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். பிழை போய்விட்டது, ஆனால் டிராப்டவுனில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் தீம் மாறவில்லை. (திருநெல்வேலி, இறுதியாண்டு மாணவர்)

பதில்: பாதி வழி வந்துவிட்டீர்கள் தம்பி. ப்ரீஇனிட் என்பது பக்கம் உருவாகும் ஆரம்பக் கட்டம். தீமை அதிலோ அதற்கு முன்போதான் வைக்க முடியும், ஏனென்றால் அது முடிந்த கையோடு ஸ்கின் கன்ட்ரோல்களில் ஏறத் தொடங்கிவிடும். சிக்கல் என்னவென்றால் ப்ரீஇனிட் நடக்கிற நேரத்தில் உங்கள் டிராப்டவுனுக்குப் பயனாளர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்றே தெரியாது. பக்கம் தன் பழைய நிலையை நினைவில் வைக்கும் வியூ ஸ்டேட்டும், பயனாளர் அனுப்பிய மதிப்புகளும் கன்ட்ரோலுக்குள் வந்து சேர்வது அதற்குப் பிறகுதான். அங்கே போய் டிராப்டவுனிடம் கேட்டால் அது என்ன சொல்லும் பாவம்.

ஆகவே இரண்டு தாவலாகச் செய்யுங்கள். டிராப்டவுன் மாறியதும் வரும் நிகழ்வில் பெயரைச் செஷனிலோ குக்கியிலோ எழுதிவிட்டு, அதே பக்கத்துக்கே ரீடைரக்ட் செய்யுங்கள். அடுத்த சுற்றில் ப்ரீஇனிட் அந்தப் பெயரைப் படித்துத் தீமை வைக்கும். குக்கியில் வந்த பெயரை அப்படியே நம்பாதீர்கள், அந்தப் பெயரில் ஃபோல்டர் இல்லையென்றால் பக்கம் விழுந்துவிடும். உங்களிடம் இருக்கும் தீம்களின் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

அடுத்து நீங்கள், பல பக்கங்களுக்குப் பொதுச் சட்டமான மாஸ்டர் பேஜில் ப்ரீஇனிட்டைத் தேடுவீர்கள், எல்லாரும் தேடுவதுதான். மாஸ்டர் பேஜுக்கு அது கிடையாது. பேஜ் கிளாஸிலிருந்து உங்களுக்கென்று ஒரு தாய் கிளாஸ் எழுதி, தீம் வைக்கும் நாலு வரியை அதில் போட்டு, எல்லாப் பக்கங்களையும் அதிலிருந்து கிளைக்க விடுங்கள். ஸ்டைல்ஷீட் தீமை ஓடும்போது மாற்ற வேண்டுமென்றால் ப்ரீஇனிட்டும் உதவாது, அந்தப் பெயரிலான ப்ராப்பர்ட்டியையே தாய் கிளாஸில் ஓவர்ரைடு செய்ய வேண்டும்.

கேள்வி: ரசீது அச்சடிக்க என்று பிரின்ட் ஸ்டைல் ஷீட் ஒன்று எழுதித் தீம் ஃபோல்டரில் போட்டேன். இப்போது திரையிலும் மெனு காணாமல் போய்விட்டது. (சேலம் வாசகர்)

பதில்: தானாக இணைக்கும்போது 'மீடியா' என்ற பண்பு அந்த இணைப்பில் வராது. அதனால் அச்சுக்கு மட்டும் என்று நீங்கள் மனதில் நினைத்தது பிரவுசருக்குத் தெரியாது. கோப்புக்குள் இருக்கிற எல்லாவற்றையும் 'மீடியா பிரின்ட்' என்ற அடைப்புக்குள் போட்டுவிடுங்கள், முடிந்தது. கறுப்புத் தீம் வைத்திருந்தால் அதே அடைப்பில் எழுத்தைக் கறுப்பாகவும் பின்னணியை வெள்ளையாகவும் ஆக்குங்கள். பிரவுசர்கள் பின்னணி நிறத்தைப் பொதுவாக அச்சடிக்காது, வெள்ளைத் தாளில் வெளிர் எழுத்து வந்தால் ரசீதை யார் படிப்பது?

கேள்வி: இதையெல்லாம் இப்போது படிக்க வேண்டுமா சார்? (அதே திருநெல்வேலி மாணவரின் நண்பர்)

பதில்: புதிதாகத் தொடங்க வேண்டாம். டாட் நெட் கோரிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் வெப் ஃபார்ம்ஸே கிடையாது, பழைய டாட் நெட் ஃப்ரேம்வொர்க்கோடு அது நின்றுவிட்டது. ஆனால் நின்றுவிட்டதே தவிர செத்துவிடவில்லை, கோயம்புத்தூர்க்காரர் கேள்வியைப் பார்த்தீர்கள் அல்லவா. வேலைக்குப் போகும் இடத்தில் இருந்தால் படித்துக்கொள்ளுங்கள், ஒரு வாரம் போதும்.

கேள்வி: எங்கள் ஆப்புக்கு வெளிச்சம், இருட்டு, வாடிக்கையாளரின் சொந்த நிறம் என்று மூன்று தீம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு சி.எஸ்.எஸ். கோப்பு எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றும் 3,000 வரி. ஒன்றில் திருத்தினால் மற்றதில் மறந்துவிடுகிறது. வேறு வழி உண்டா? (சென்னை, ஒரு சிறு நிறுவனத்தின் மென்பொருளாளர்)

பதில்: உண்டு, ஆனால் முதலில் அந்த மூன்று கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். 3,000 வரியில் உண்மையிலேயே வேறுபடுவது எத்தனை? எனக்குத் தெரிந்தவரை நிறம், நிழல், எப்போதாவது எழுத்துரு, அவ்வளவுதான். அகலம், இடைவெளி, பட்டியலின் அமைப்பு எல்லாம் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கும். இல்லை, வேறு வேறாக இருக்கிறது என்றால் அது தீம் இல்லை, மறந்துபோன திருத்தம்.

இப்போது இதற்கு சி.எஸ்.எஸ். மாறிகளே போதும். இரண்டு சிறு கோடு போட்டு ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு. பக்கத்தின் வேரில் ஒருமுறை அறிவித்துவிட்டு, வேண்டிய இடத்திலெல்லாம் 'வார்' போட்டு அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளலாம். ஃபயர்ஃபாக்ஸில் 2014-இலும், குரோமிலும் சஃபாரியிலும் 2016-இலும் வந்துவிட்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு அது கடைசிவரை தெரியாது, அதைக் காரணம் காட்டித்தான் பலர் தள்ளிப் போட்டார்கள், அதன் 11-ஆம் பதிப்புக்கான ஆதரவும் பெரும்பாலான விண்டோஸ் 10 கணினிகளில் 2022 ஜூன் 15-ஓடு முடிந்தது. இனி சாக்கு இல்லை.

முழு அமைப்பும் ஒரே கோப்பில் இருக்கட்டும், அதில் நேரடியாக எந்த நிறமும் இருக்கக் கூடாது. தீம் என்பது இருபது முப்பது மாறிகளின் மதிப்பு மட்டும். எச்.டி.எம்.எல். டேகில் 'டேட்டா-தீம்' என்று ஒரு பண்பு வைத்து, அது 'இருட்டு' என்றால் இந்த முப்பது மதிப்பு, 'வெளிச்சம்' என்றால் அந்த முப்பது. வாடிக்கையாளருக்கென்று தனி நிறம் வேண்டுமா, அதில் ஐந்தாறு மட்டும் மாற்றி இன்னொரு சிறு தொகுப்பு. உங்கள் 9,000 வரி 3,100 வரிக்கு வந்துவிடும்.

பெயர் வைப்பதில்தான் கவனம் வேண்டும். நான் ஒரு புராஜெக்டில் 'நீலம்', 'வெளிர்நீலம்' என்று மாறிகளுக்குப் பெயர் வைத்திருந்தேன். வாடிக்கையாளர் லோகோவை மாற்றி மெரூன் வேண்டும் என்றார். நேரமில்லை, மதிப்பை மட்டும் மாற்றினேன். 'நீலம்' என்று ஒரு மாறி, அதன் மதிப்பு மெரூன். ஆறு மாதம் கழித்து வேலைக்குச் சேர்ந்த பெண் அந்த வரியைத் திரையில் காட்டி, 'அண்ணா, இது தப்பா, இல்லை இப்படித்தானா?' என்று கேட்டார். இப்படித்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நிறத்தின் பெயரை வைக்காமல் அது செய்யும் வேலையின் பெயரை வையுங்கள்: 'பின்னணி', 'எழுத்து', 'முக்கியப் பட்டன்', 'எச்சரிக்கை', 'கோடு'. எந்தத் தீம் வந்தாலும் அந்தப் பெயர்கள் பொய்யாகாது.

இருட்டுத் தீம் என்றால் வெளிச்சத்தை அப்படியே தலைகீழாக்குவது என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைப் பின்னணியில் நன்றாகத் தெரிந்த அடர்நீல இணைப்பு, கறுப்பில் காணாமல் போய்விடும். இணைய அணுகல்தன்மை நெறிகளில் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் ஒளி வேறுபாடு இருக்க வேண்டும் என்கிறார்கள், பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நிறத்தின் மேல் தட்டினாலே இந்த எண்ணைக் காட்டும். ஒவ்வொரு தீமிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒன்றில் தேறியது இன்னொன்றில் தேறும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: இருட்டுத் தீமைத் தேர்ந்தெடுத்து வைத்தாலும், ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் ஒரு கணம் வெள்ளையாகப் பளீரென்று அடித்துவிட்டு அப்புறம்தான் கறுப்பாகிறது. ராத்திரியில் கண் கூசுகிறது. (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: பயனாளரின் விருப்பத்தை லோக்கல் ஸ்டோரேஜிலிருந்து (பிரவுசர் தன்னிடமே வைத்திருக்கும் சேமிப்பு) எடுத்துத் தீமை மாற்றும் ஸ்கிரிப்ட் பக்கத்தின் அடியில் இருக்கிறது, சரிதானே? பிரவுசர் முதலில் வெள்ளையாக வரைந்து முடித்துவிடுகிறது, பிறகுதான் உங்கள் ஸ்கிரிப்ட் கண் விழிக்கிறது. அந்த இரண்டு மூன்று வரியை மட்டும் தனியே எடுத்து ஹெட்டுக்குள், ஸ்டைல் ஷீட் இணைப்புக்கும் முன்னால் நேரடியாக எழுதிவிடுங்கள். வெளிக் கோப்பாக வைத்துத் தாமதமாக ஏற்றினால் பயனில்லை. விருப்பத்தைக் குக்கியில் வைத்துச் சர்வரே 'டேட்டா-தீம்' பண்பை எழுதி அனுப்பினால் இன்னும் நல்லது, ஸ்கிரிப்டே வேண்டாம்.

பயனாளர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் அவருடைய போனோ கணினியோ எந்த நிலையில் இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள 'ப்ரிஃபர்ஸ் கலர் ஸ்கீம்' என்ற மீடியா கேள்வி இருக்கிறது, 2019-இல் சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் மூன்றிலும் வந்துவிட்டது. ஆனால் பயனாளர் ஒருமுறை தன் வாயால் சொல்லிவிட்டால் அதற்குமேல் சாதனத்தைக் கேட்கக் கூடாது. இங்கேயும் யார் கடைசியாகப் பேசுவது என்பதுதான்.

'கலர் ஸ்கீம்' என்ற சி.எஸ்.எஸ். பண்பையும் கூடவே வையுங்கள். அது இல்லாவிட்டால் பக்கம் கறுப்பாகவும், ஓரத்து ஸ்க்ரோல் பாரும் படிவத்தின் பெட்டிகளும் வெள்ளையாகவும் நிற்கும்.

கேள்வி: ஆங்கிலத்துக்கு என்று வாங்கிய தீமைத் தமிழ்ப் பக்கங்களுக்குப் போட்டால் ஏதோ சரியில்லை. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. (மதுரை வாசகி)

பதில்: எனக்குத் தெரிகிறது. அந்தத் தீம் தலைப்புகளை எல்லாம் பெரிய (கேப்பிட்டல்) எழுத்தாக மாற்றித்தான் வேறுபடுத்தியிருக்கும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாதே, அந்த வரி நம் எழுத்தில் ஒன்றுமே செய்யாது, தலைப்பும் உரையும் ஒன்றுபோலத் தெரியும். மேற்கோளையும் குறிப்பையும் சாய்வெழுத்தில் போட்டிருப்பார்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவில் சாய்வு கிடையாது, பிரவுசர் தானாகவே எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்த்துவிடும், கொம்பும் சுழியும் கோணிக்கொண்டு நிற்கும். வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு 1.4 என்று வைத்திருப்பார்கள், நம்முடைய மேல் விசிறியும் கீழ்ச் சுழியும் அடுத்த வரியில் முட்டும், 1.7 வைத்துப் பாருங்கள். பட்டனுக்கு அகலம் நிலையாகக் கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள், 'சேவ்' இருந்த இடத்தில் 'மாற்றங்களைச் சேமி' வர வேண்டும் அல்லவா.

இதற்காக வாங்கிய தீம் கோப்பில் கை வைக்காதீர்கள், அடுத்த பதிப்பு வரும்போது உங்கள் திருத்தமெல்லாம் போய்விடும். எச்.டி.எம்.எல். டேகில் மொழி 'டி.ஏ.' என்று குறித்துவிட்டு, அந்த மொழிக்கு மட்டும் பொருந்தும் பத்து வரிகளைத் தனிக் கோப்பில் எழுதித் தீமுக்குப் பின்னால் இணையுங்கள். தலைப்புக்குக் கனமும் அளவும் கூட்டுங்கள், சாய்வை எடுத்துவிட்டு நிறத்தை மாற்றுங்கள். அப்படியும் சரியாக வரவில்லை என்றால் அந்தப் பக்கத்தின் படத்தை அனுப்புங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.